பள்ளி கேட்ட கடிதங்கள்

தோட்ட ஆபீசில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்ற கிராணிகளுக்குச் சம்பளக் கணக்கும் பால் கணக்குமே தொழில் என்று வெளியிலிருப்போர் எண்ணுவர். மாலையில் ஆபீஸ் கதவைச் சாத்திய பிறகு தொடங்கும் தொழில் ஒன்று நமக்கு உண்டு. அது பிறருக்காகக் கடிதம் எழுதும் தொழில். பிறப்புப் பத்திரம் கேட்டும், மருத்துவச் செலவு கேட்டும், மகனுக்கு வேலை கேட்டும் வருவோருக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் என்பதனால் நம் எழுத்துக்கு ஏதோ மந்திர சக்தி உண்டென்று தோட்டத்து மக்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையை நாமும் கலைத்தோமில்லை. சென்ற ஆண்டு அது தானாகவே கலைந்தது.

ஒரு மூதாட்டி வந்தார். தோட்டத்துப் பள்ளி மூடப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டமையால் பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிக்குப் போகவேண்டும். சாலை வரையில் நடந்து, அங்கே பஸ்ஸுக்குக் காத்து நின்று, பாதி நாள் பிந்திப் போகிறார்கள். தோட்டத்து வேனோ நாள்தோறும் காலை எட்டு மணிக்குத் தபாலுக்கும் சாமானுக்கும் பட்டணம் போகிறது. "அந்த வண்டியையே கொஞ்சம் முன்னால விட்டா புள்ளைங்களும் போயிடும்ல ஐயா? துரைக்கு ஒரு காயிதம் எழுதிக் குடுங்க" என்றார்.

நாம் எழுதினோம். உணர்ச்சி பொங்க எழுதினோம். ஒழுகும் கூரையில் தொடங்கி, வராத தண்ணீரைச் சொல்லி, மூடிய பள்ளிக்காக இரங்கி, மூன்று தலைமுறை உழைத்தவர் கதையை விரித்து, மூன்றாம் பக்கத்தின் அடியில் வேனைப் பற்றி ஒரு வாக்கியம் வைத்து முடித்தோம். ஒரு வாரம் சென்று பதில் வந்தது. கூரையைப் பார்க்க ஆள் அனுப்பப்படும் என்று அதிலே கண்டிருந்தது. ஆளும் வந்தான். அம் மூதாட்டி மறுபடியும் வந்து, "கூரை சரியாயிடுச்சு ஐயா. புள்ளைங்க இன்னும் நடந்துதான் போவுது" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆயினும் நமக்கு முகம் கவிழ்ந்தது.

துரையின்மேல் பழி சொல்ல இடமில்லை. முதலில் கேட்டதை அவர் முதலில் செய்தார். கேட்க வேண்டியதைக் கடைசியில் வைத்தவர் நாமே.

நம் பள்ளி நாட்களில் ஆங்கில உபாத்தியாயர் ஒரு விதி வைத்திருந்தார். கட்டுரையோ கடிதமோ எழுதுமுன் தனித்தாளில் அதன் திட்டத்தை எழுதிக் காட்ட வேண்டும்: யாருக்கு எழுதுகிறாய், என்ன வேண்டுகிறாய், ஏன், அவர் மறுத்தால் என் செய்வாய்? நாமும் நம் தோழர்களும் கட்டுரையை முதலில் எழுதி முடித்துவிட்டு, அதைப் பார்த்துத் திட்டத்தைப் பின்னர் எழுதிக் கொடுத்து வந்தோம். உபாத்தியாயர் அறிந்தே இருந்திருப்பார். அவ்விதி வெள்ளைக்காரன் வகுப்பறையில் தோன்றிய ஒரு சடங்கு என்றே நினைத்திருந்தோம். வேன் கடிதம் கெட்ட பிறகு அதன் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அது மிகப் பழையது. அதன் மிக நேர்த்தியான உதாரணங்களிற் சில பள்ளிக்கூடம் கேட்டு எழுதிய கடிதங்களாக இருப்பதைக் கண்டு வியந்தோம்.

ரோமாபுரியில் கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த சிசரோ, சொல்வன்மைக் கலையை ஐந்தாகப் பகுத்தெழுதினார். அவற்றுள் முதலாவது சொல்ல வேண்டியதைத் தேடிக் காண்பது. இரண்டாவது அதை வரிசைப்படுத்துவது. நடை அழகு மூன்றாவதாகத்தான் வருகிறது. அழகாக எழுதினால் போதும் என்றிருக்கும் நம்மவர் இவ்வரிசையைக் கவனிக்க. இத்தாலி நாட்டுப் போலோஞா நகரில் 12-ம் நூற்றாண்டில் கடிதக் கலையைக் கற்பித்த ஆசிரியர்கள் இக்கொள்கையைக் கடிதத்திற்குப் பொருத்தி, அதற்கு ஐந்து உறுப்புகள் வகுத்தனர்: வணக்கம், படிப்பவர் மனத்தை இணக்குதல், நடந்ததைக் கூறல், வேண்டுகோள், முடிப்பு. மன்னர்க்கும் மடாதிபதிக்கும் கடிதம் வரைந்த எழுத்தர்கள் இம்முறையைப் பயின்றே வேலைக்குப் போனார்கள். நம்முடைய தொழிலின் முன்னோர் அவர்கள் எனலாம். இம்முறையைக் கண்மூடிப் பின்பற்றியதால் உயிரில்லாக் கடிதங்கள் மலைபோல் குவிந்தன என்பதும் உண்மையே. ஏற்பாடு என்பது அச்சாகிவிட்டால் அதனுள் எதை வார்த்தாலும் ஒரே வடிவந்தான்.

தமிழர்க்கு இது புதிதோ எனின், அன்று. 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தியார், இலக்கணத்துக்குள் நுழையுமுன் பாயிரத்திலேயே நூல் எழுதுவோனுக்குரிய குற்றங்கள் பத்தை எண்ணிக் காட்டுகிறார். குறைத்துச் சொல்வதும், மிகுத்துச் சொல்வதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும் அவற்றில் அடங்கும். எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது ஒரு குற்றம். வேகமாகத் தொடங்கிப் போகப்போகத் தேய்ந்து முடிவது மற்றொன்று. நம்முடைய மூன்று பக்கக் கடிதத்தை அவர் முன் வைத்திருந்தால் பத்தில் ஐந்தாறு குற்றங்களையாவது அதிலேயே காட்டியிருப்பார். பள்ளியில் நன்னூலைப் புணர்ச்சி விதிகளுக்காக மட்டும் படித்தோர் பாயிரத்தைப் புரட்டிப் பார்ப்பது நலம்.

இனிப் பள்ளி கேட்ட கடிதங்களுக்கு வருவோம்.

1524-ம் ஆண்டில் மார்ட்டின் லூதர் ஜெர்மானிய நாட்டு நகரசபையார் அனைவருக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நகரந்தோறும் பள்ளிக்கூடம் வைத்து நடத்துக என்பது அவர் வேண்டுகோள். பழைய மடங்கள் கலைந்துகொண்டிருந்த காலம். அவற்றோடு பள்ளிகளும் கலைந்தன. லூதரின் சமயக் கருத்துக்கள் நமக்கு இங்கே பொருளல்ல. கடிதத்தின் அமைப்பே பொருள்.

முதலாவதாக, அவர் யாருக்கு எழுதினார் என்பதைப் பாருங்கள். பெற்றோருக்கு எழுதவில்லை. பெற்றோரிற் பலருக்கு அறிவு போதாது, சிலருக்கு மனம் இல்லை, மனமிருப்போர்க்கு நேரமும் பொருளும் இல்லை. ஆதலின் ஊர்ப் பணத்தை வைத்திருக்கும் சபையாரே செய்யவேண்டும் என்று காரணமும் காட்டினார். பிறகு செலவைப் பற்றிப் பேசினார். துப்பாக்கிக்கும் சாலைக்கும் பாலத்துக்கும் அணைக்கும் ஆண்டுதோறும் இவ்வளவு கொடுக்கிறீர்களே, ஏழைப் பிள்ளைகளுக்காக ஓரிரு ஆசிரியரை வைக்க அதுபோல் ஏன் கொடுக்கலாகாது என்பது அவர் கேள்வி. நகரசபைக்காரர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, அவர்கள் ஏற்கெனவே எழுதியிருந்த வரிகளையே சான்றாக்கினார். சமயத்துக்காகப் பள்ளி வேண்டும் என்று வாதித்தபின், ஆன்மா என்பதே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் உலக ஆட்சிக்காகவே பள்ளி வேண்டும் என்று இரண்டாவது காரணத்தையும் தனியாக நிறுத்தினார். முதற் காரணத்தை ஏற்காதவன் இரண்டாவதிலே அகப்படுவான் அன்றோ?

வேலை செய்ய வேண்டிய பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப எங்களால் இயலாதே என்று பெற்றோர் சொல்வார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆண்பிள்ளைகள் நாளில் ஓரிரண்டு மணி நேரமும் பெண்பிள்ளைகள் ஒரு மணி நேரமும் பள்ளிக்கு வந்தாற் போதும். மீதி நேரம் வீட்டிலும் தொழிலிலும் இருக்கட்டும் என்று வழி சொன்னார். பால் வெட்டப் போன தாய்க்குத் துணையாகப் பிள்ளையும் காட்டுக்குப் போன காலத்தை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்ட நமக்கு இவ்விடம் நெஞ்சில் தைக்கிறது. பெண்பிள்ளைக்கு மட்டும் ஒரு மணி நேரம் என்றது இக்காலத்தில் ஒப்பத்தக்கதன்று. 1524-ல் அதையாவது எழுதினாரே என்று மேலே செல்வோம். இரண்டாண்டு கழித்து, 1526-ல், நூரம்பர்க்கு நகரசபையார் ஏற்படுத்திய புதிய பள்ளியை லூதரின் தோழர் மெலாங்க்தன் சொற்பொழிவாற்றித் திறந்து வைத்தார்.

ஆனால் எல்லாக் கடிதத்திற்கும் இவ்வாறு விரைந்து பலன் கிடைப்பதில்லை. இதற்கு முந்நூறு ஆண்டுகளின் பின் கல்கத்தாவில் எழுந்த ஒரு கடிதத்தை விரிவாகவே பார்க்க வேண்டும்.

1813-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்த ஆங்கிலப் பார்லிமெண்டு, இந்தியர் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தது. அவ்விதியில் பழைய இலக்கியத்தை வளர்ப்பதும் விஞ்ஞானங்களைப் புகுத்துவதும் என்று இரண்டு நோக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பணம் பல ஆண்டுகள் பெரும்பாலும் செலவாகாமலே இருந்தது. 1823-ல் கல்விக்கென ஒரு பொதுக் கமிட்டி அமைந்தபோது, கல்கத்தாவில் பண்டிதர்களை வைத்து வடமொழிக் கல்லூரி ஒன்று நிறுவ ஏற்பாடாயிற்று. அதை மறுத்து, அவ்வாண்டு டிசம்பர் 11-ந் தேதி கவர்னர் ஜெனரல் அம்ஹர்ஸ்ட் பிரபுவுக்கு ராஜாராம் மோகன் ராய் ஒரு கடிதம் விடுத்தார்.

ராம் மோகனரைச் சதி என்னும் கொடுமையை எதிர்த்தவராகவே நம்மவர் அறிவர். அவர் கம்பெனியின் வருவாய்த் துறையில், ரங்கபுரத்தில் டிக்பி என்னும் அதிகாரியின் கீழ்க் கணக்கும் கடிதமும் பார்த்தவர் என்பதைக் கிராணிகளாகிய நாம் சற்றுப் பெருமையோடு குறித்துக்கொள்வோம். மேலதிகாரியின் மேசைக்குப் போகும் கடிதம் எப்படிப் படிக்கப்படும் என்பதை மேசைக்கு இப்புறமிருந்து அறிந்தவர் அவர்.

கடிதம் குறையோடு தொடங்கவில்லை. பல்லாயிரம் மைல் கடந்து வந்து, மொழியும் வழக்கமும் புதிதான மக்களை ஆளும் உங்களுக்கு இந்நாட்டின் உண்மை நிலை இந்நாட்டார் அறிந்த அளவு தெரிய வழியில்லை; ஆகவே தெரிந்ததை நாங்கள் சொல்லாவிட்டால் கடமை தவறினவர்களாவோம் என்ற கருத்தோடு தொடங்குகிறது. மறுக்க வந்தவர் உதவ வந்தவராக வாசலில் நிற்கிறார். கதவைச் சாத்துவது எப்படி?

அடுத்து, கல்லூரி வைக்க நினைத்த அரசாங்கத்தின் நல்லெண்ணத்தைப் பாராட்டுகிறார். ஒரு பெருந்தொகை ஒதுக்கப்பட்டது என்று கேட்டவுடன் கணிதம், இயற்பொருள் நூல், ரசாயனம், உடற்கூற்று நூல் முதலியவற்றைக் கற்பிக்க ஐரோப்பிய அறிஞர்கள் வருவார்கள் என்று நாங்கள் மகிழ்ந்திருந்தோம் என்கிறார். வேண்டுகோளின் வித்து இங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் அது இன்னும் வேண்டுகோளாக வரவில்லை. கலைந்த நம்பிக்கையாக வருகிறது. அதன் பிறகே, இப்பொழுது காண்பதோ இந்நாட்டில் ஏற்கெனவே உள்ள கல்வியையே திரும்பக் கொடுக்கும் கல்லூரி என்று மறுப்பைச் சொல்கிறார்.

மறுப்புக்கு அவர் தந்த சான்றுகள் கூர்மையானவை. இலக்கண நுட்பத்துக்காகவே இளைஞன் பன்னிரண்டு ஆண்டுகளைச் செலவிடுவான் என்று காலக் கணக்குக் காட்டினார். உண்கிறான் என்னும் பொருள்படும் ஒரு வடசொல்லை எடுத்து, அப்பொருள் முழுச் சொல்லில் இருக்கிறதா, பகுதியிலும் விகுதியிலும் பங்கிட்டு இருக்கிறதா என்று ஆராய்வதனால் என்ன பயன் என்று வினவினார். காணும் பொருள் யாவும் பொய், தந்தையும் உடன்பிறந்தாரும் பொய் என்று கற்றவன் சமூகத்துக்கு எவ்வாறு நல்லவனாவான் என்றும் கேட்டார். பேக்கன் என்னும் அறிஞருக்கு முன் ஐரோப்பாவில் இருந்த கல்வியும் இப்படித்தான் இருந்தது; பிரிட்டிஷ் மக்களை அறியாமையில் வைக்க எண்ணியிருந்தால் அந்தப் பழைய கல்வியை மாற்ற விட்டிருக்கமாட்டார்கள் என்று அவர்களுடைய சரித்திரத்தையே எடுத்து அவர்கள் முன் வைத்தார்.

நாம் மிகவும் வியந்த இடம் வேறு. வடமொழியில் உள்ள நல்லவை அழிந்துபோகுமே என்று ஒருவர் கேட்பார் அல்லவா? அக்கேள்வி வருமுன் அவரே அதை எடுத்து விடை கூறுகிறார். நாடெங்கும் சொந்த முயற்சியாலேயே வடமொழி கற்பிக்கும் பண்டிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் சிறந்தவர்க்குப் பரிசும் உதவித்தொகையும் கொடுத்தால் போதும். புதுக் கல்லூரி வேண்டியதில்லை என்பது அவ்விடை. முடிவில் வரும் வேண்டுகோளில், ஒதுக்கிய அதே தொகையைக் கொண்டு ஐரோப்பாவில் கற்ற சில அறிஞரை நியமித்து, புத்தகங்களும் கருவிகளும் உள்ள ஒரு கல்லூரி அமைக்கலாம் என்கிறார். ஒரு காசும் கூடுதலாகக் கேட்கவில்லை.

எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வேதாந்தத்தைப் பயனற்றதென்று எழுதிய இவரே உபநிடதங்களை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்த்தவர். இக்கடிதத்திற்குப் பின் சில ஆண்டுகளிலேயே வேதாந்தக் கல்லூரி ஒன்றும் வைத்தவர். ஆகவே அக்கல்வியில் மாண்பொன்றும் இல்லையென்று அவர் நினைத்தாரில்லை. அம்ஹர்ஸ்ட் பிரபுவின் மேசைக்கு அது வேண்டியதில்லை என்று ஒதுக்கினார். வழக்கறிஞர் முறையில் இது சரி. ஆராய்ச்சியாளர் முறையில் ஒருபக்கம் சாய்ந்ததே என்று நாம் கருதுகிறோம். ஒதுக்கியதும் திட்டத்தின் பகுதியே. நாமோ கூரையையும் தண்ணீரையும் ஒதுக்க மனமில்லாமல் வேனை இழந்தோம்.

இவ்வளவு ஒழுங்காக எழுதிய கடிதத்துக்கு என்ன பலன்? ஹீபர் பாதிரியார் கையால் அது கவர்னர் ஜெனரலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பதில் வரவில்லை. 1824-ம் ஆண்டின் தொடக்கத்தில் வடமொழிக் கல்லூரி திறக்கப்பட்டது. கடிதத்தில் நாங்கள் நாங்கள் என்று வந்தாலும் அடியில் இருந்தது ஒரே கையொப்பம். பதில் வராமைக்கு அதுவே காரணம் என்று துணிந்து சொல்லமாட்டோம். ஆனாலும் நாம் என்று எழுதிப் பழகிவிட்ட நமக்கு அந்த ஒற்றைக் கையொப்பம் உறுத்துகிறது.

பதினோர் ஆண்டுகள் சென்றபின், 1835 பிப்ரவரியில் மெக்காலே எழுதிய குறிப்பையும், மார்ச்சில் பெண்டிங்கு பிரபு இட்ட ஆணையையும் எல்லாரும் அறிவர். கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்குத் திரும்பியது. அதைக் கொண்டு ராம் மோகனர் கேட்டது கிடைத்தது என்று எழுதுவோர் உளர். அவர் கேட்டது விஞ்ஞானமும் கருவிகளும். ஆங்கில இலக்கியம் அவர் பட்டியலில் இல்லை. அவர் கேட்ட நான்கில் ஒன்றாகிய உடற்கூற்று நூலுக்கு அதே 1835-ல் இடம் கிடைத்தது. அவ்வாண்டு கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. 1836-ல் அங்கே மதுசூதன குப்தர் சாதிக் கட்டை மீறி மனித உடலை அறுத்து ஆராய்ந்தார். அவர் வடமொழிக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்றுக் கற்பித்தவர். ராம் மோகனர் அதைக் காணவில்லை. 1833-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் இறந்தார்.

அவர் வேண்டாமென்ற கல்லூரியில் 1829-ல் ஓர் ஏழைச் சிறுவன் சேர்ந்தான். அவனே ஈசுவர சந்திர வித்தியாசாகரர். 1851-ல் அதே கல்லூரிக்குத் தலைவராகி, பார்ப்பனர்க்கும் வைத்தியச் சாதியார்க்குமே என்றிருந்த அதன் கதவைப் பிற சாதியார்க்கும் திறந்தார். 1856-ல் விதவை மறுமணச் சட்டம் பிறக்கக் காரணமாகவும் இருந்தார். எவ்வளவு நுட்பமாகத் திட்டமிட்ட கடிதமும் இதையெல்லாம் திட்டமிட்டிருக்க முடியாது.

நம் மலாயா நாட்டுக்கு வந்தால், தோட்டத்துப் பள்ளிகளின் கதையில் ஓர் எண் முக்கியமானது. 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஓர் இனத்தைச் சேர்ந்த ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி என்ற பெயரில் கொட்டகையும், ஆசிரியர் என்ற பெயரில் எழுதத் தெரிந்த யாரோ ஒருவரும் இருந்த இடங்கள் பல என்பது வேறு. சட்டத்தில் எண் இருந்தமையால், பள்ளி கேட்போர் முதலில் செய்ய வேண்டிய வேலை லயம் லயமாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணுவதே. கண்ணீர் விடுவதற்கு முன் எண்ண வேண்டும் என்று நமக்கு அப்பொழுது யாரும் சொல்லவில்லை. உபாத்தியாயர் சொன்னார் என்பது உண்மைதான், நாம் கேட்கவில்லை.

மூதாட்டி இரண்டாம் முறை வந்த அன்று மாலை, தாளை எடுத்து உடனே எழுதத் தொடங்காமல் ஐந்து வரி மட்டும் குறித்தோம். யார் படிப்பார்? துரை, நேரமில்லாதவர். என்ன வேண்டும்? எட்டு மணி வேன் ஆறரைக்குப் புறப்பட வேண்டும். எத்தனை பேர்? மூதாட்டி விரல் விட்டுப் பெயர் சொல்லிப் பதினொன்று என்றார். செலவு? வேன் எப்படியும் போகிறது. என்ன மறுப்பு வரும்? ஆறரைக்குத் தபால் ஆபீஸ் திறந்திராது. இந்தக் கடைசி வரியில்தான் நாம் வெகு நேரம் நின்றோம். ஓட்டுநரையே போய்க் கேட்டோம். பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சாமான் கடையில் முதலில் ஏற்றிக்கொண்டால் தபால் ஆபீஸ் திறக்கும் நேரம் சரியாக இருக்கும் என்று அவர் சொன்னார். அதையும் எழுதினோம். கூரை செப்பனிட்டதற்கு ஒரு வரி நன்றி முதலில் வைத்தோம். பெற்றோர் ஒன்பது பேர் கையொப்பமிட்டார்கள். இருவர் கைந்நாட்டு வைத்தார்கள். முழுவதும் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. மழை நாட்களில் மட்டும் வேன் ஆறரைக்குப் புறப்படலாம் என்று துரை அனுமதித்திருந்தார். வெயில் நாட்களில் ஏன் கூடாது என்பதற்குக் காரணம் சொல்லவில்லை. மூதாட்டி அதைக் கேட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, இந்த மாதத்தில் எத்தனை நாள் மழை பெய்தது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா என்று நம்மை வினவினார். பால் வெட்டாத மழை நாட்களெல்லாம் நம் செக்ரோல் புத்தகத்தில் உண்டு. அதை எடுத்து விரித்தோம்.